எரியாத பல்ப்

எழுபதுகளில் பதுளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லொறி ஓட்டித் திரிந்தவர்களிடம் முருகையாவைப் பற்றிக் கேட்டால், காதால் வண்டி ஓட்டுகிற ஆள் என்றுதான் சொல்வார்கள். அதில் கேலி ஒன்றும் கிடையாது. அவர் ஓட்டிய லொறியை அப்படித்தான் ஓட்ட முடியும்.

அது இரும்புக் கடை வாஹித் முதலாளியின் லொறி. வெள்ளைக்காரன் காலத்தில் வந்து, தோட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுக் கடைசியில் முதலாளியின் கைக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முள்ளெல்லாம் செத்துவிட்டன. வேகம் காட்டும் முள், லொறி கடை வாசலில் சும்மா நிற்கும்போதும் இருபதில் நிற்கும். எண்ணெய் காட்டும் முள் கழன்று கண்ணாடிக்குள்ளேயே விழுந்து கிடந்தது. வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு எட்டம்பிட்டி இறக்கத்தில் வரும்போது எஞ்சினின் முனகலைக் கேட்டே முருகையா கியர் மாற்றுவார். எங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும், எந்தச் சில்லின் பிரேக் தேய்ந்திருக்கிறது, எல்லாம் காதுதான் சொல்லும்.

ஒருமுறை பாரத்தோடு வரும்போது ஹாலி எலைக்கு மேலே லொறியை ஓரங்கட்டிவிட்டார். பின் சில்லில் ஏதோ அழுகிறது என்றார். கூட வந்தவர்கள் இறங்கிக் காதைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தபோது பெயரிங் உடைந்து தூளாகிற நிலையில் இருந்தது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் சில்லு தனியாக ஓடியிருக்கும். வாஹித் முதலாளி இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். தன்னுடைய கல்லாப் பெட்டியைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

முருகையா பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்து அறையில். அப்பாவும் அம்மாவும் விடியற்காலை பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்து பறித்தும் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தவர்கள். இவர் தோட்டத்து லொறியில் மூட்டை ஏற்றப் போய், பிறகு அதையே ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவர். அண்ணன் குடும்பம் ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இவரையும் கூப்பிட்டார்கள். அங்கே போய் எந்த ரோட்டை ஓட்டுவது என்று கேட்டுவிட்டு இவர் இருந்துவிட்டார். மனைவி தனலெட்சுமியோடு பதுளையில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தார்.

அவருடைய காது போக ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவள் தனலெட்சுமிதான். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேத்தல் கொதித்து விசில் அடித்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்த லொறியில் எஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம், முழங்காலை ஒட்டி ஒரு தகர மூடிக்குள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அது அவருடைய காதுக்குள்ளேயே இரைந்திருக்கிறது. தனலெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். குளிர் இறங்கியிருக்கிறது, நல்லெண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று அவர் தட்டிக்கழித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் முதலாளிக்குச் செய்தி போய்விடும் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

போனது முழுக் காதும் இல்லை. எஞ்சினின் தடித்த முனகல் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாய்ப் போயின. கேட்காததைக் கையால் பிடித்துக்கொண்டார். கியர் தடியில் உள்ளங்கையை வைத்திருப்பார், செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தகரத்தில் ஊன்றியிருப்பார். லொறி ஓடிக்கொண்டிருந்தது. தனலெட்சுமியைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

எழுபத்தொன்பதில் தனியார் வேன்களுக்குப் பாதை திறந்துவிட்டார்கள். வாஹித் முதலாளி பழைய லொறியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு ஜப்பான் வேனை இறக்கினார். பதுளைக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் இடையே ஆள் ஏற்றுவதற்கு. சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக எரிந்து அணையும். எண்ணெய் குறைந்தால் ஒன்று, பாட்டரி பழுதானால் ஒன்று, ஹாண்ட் பிரேக் போட்டிருந்தால் ஒன்று, கதவு சரியாக மூடாவிட்டால் ஒன்று.

ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஓட்டத் தெரியாதவனுக்கு வைத்த விளக்கு என்றார் ஒருவர். முருகையா ஒரு வாரத்துக்குள் இதன் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார் என்றார் இன்னொருவர். முதலாளிக்கும் அந்தக் கவலை இருந்தது. காதால் ஓட்டிப் பழகிய மனிதனுக்கு இது பிடிக்குமா என்று.

முருகையாவோ காலையில் வேனைக் கழுவ வந்தால் முதலில் அந்த விளக்குக் கண்ணாடியைத்தான் துடைப்பார். காதுக்கு வராமல் போனதையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து காட்டுகிற விளக்குகள் அவை. இனி இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று வேன் வந்த அன்றைக்கே தனலெட்சுமியிடம் சொன்னார்.

வேனுக்குக் கொண்டக்டராக வந்தவர் ஷுக்ரி. நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், முருகையாவைவிட ஒரு மூன்று வயது இளையவர். ஆள் ஏறியதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி ‘ரைட்’ என்பது அவர் வழக்கம். கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தார். தட்டுவதற்குக் கை ஓங்கும்போதே வேன் கிளம்பிவிடுகிறது. டிரைவர் நல்ல சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டார். கதவு விளக்கு அணைந்தால் முருகையா கிளச்சிலிருந்து காலைத் தூக்குகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அது தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். தோட்டத்துப் பெரியாயி ஒரு சாக்குத் தேங்காயோடு பாதி வழியில் நின்று கை காட்டினாள். உள்ளே இடமில்லை. ஷுக்ரி அவளை ஏற்றிவிட்டு, படியோரம் நின்ற பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்க ஏணியில் கூரைக்கு ஏறினார். உள்ளே விளக்கு அணைந்தது. வேன் கிளம்பியது.

ஒரு கால் ஏணியில், ஒரு கை கூரைக் கம்பியில். ஷுக்ரி கூரையில் ஓங்கி ஓங்கி அறைந்தார். பின் சீட்டில் இருந்தவர்கள் கத்தினார்கள். முருகையா கண்ணாடியில் பார்த்தார். எல்லாரும் வாயைத் திறந்திருந்தார்கள். சந்தைக்குப் போய்வருகிற கூட்டம் அப்படித்தான் பேசிக்கொண்டு வரும். இரண்டு வளைவு தாண்டி யாரோ முன்னால் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். சாக்கு அதற்கு முன்பே கிழிந்து, தேங்காய்கள் ரோட்டில் உருண்டு தேயிலைக்குள் போயிருந்தன. ஷுக்ரியின் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

ஷுக்ரி இறங்கி வந்து பிள்ளைகளோடு சேர்ந்து தேங்காயைப் பொறுக்கிக் கொடுத்தார். பின்னேரம் கடைசி ஓட்டம் முடிந்து ஸ்டாண்டில் ஆள் கலைந்ததும், வேனைத் துடைத்துக்கொண்டிருந்த முருகையாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், சாவி கீழே விழுந்து கிடக்கிறது என்றார். முருகையா துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எவ்வளவு காலமா?”

முருகையா அவருடைய உதட்டைப் பார்த்தார். “என்ன, எவ்வளவு காலமா?”

“காது.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “எஞ்சின் சத்தம் கேக்குது ஷுக்ரி. மத்தது கேக்குறதில்ல. லொறியிலயே போயிருச்சு.”

“நான் விழுந்து செத்தீந்தா என்ட புள்ளைகளுக்கு யாரண்ணே பதில் சொல்ற?”

முருகையா துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

ஷுக்ரி அன்றைக்கே முதலாளியிடம் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தார். ஆனால் அவர் இதற்கு முன் வேலை பார்த்த வேனின் டிரைவர் குடித்துவிட்டு ஓட்டுகிறவன். முருகையா குடிக்கமாட்டார், பந்தயம் ஓடமாட்டார், இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இவரை அனுப்பிவிட்டு வருகிறவன் எப்படிப்பட்டவனோ? இரவெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் முருகையாவை இப்றாஹீமின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இப்றாஹீம் றேடியோ திருத்துகிறவர். கார்களுக்கு வயர் வேலையும் செய்வார். காரணம் எதுவும் கேட்காமல், ஷுக்ரி சொன்னபடியே செய்து கொடுத்தார். ஸ்டியரிங்குக்கு நேரே ஒரு பச்சைப் பல்ப். அதற்கு ஒரு பட்டன் கதவோரத்தில், இன்னொன்று பின் ஏணியோரத்தில். ஒருமுறை மின்னினால் போகலாம், இரண்டுமுறை மின்னினால் நிறுத்த வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வளைவுகள் இருந்தன. அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஹோன் அடித்துவிட்டு, எதிரே பதில் ஹோன் வருகிறதா என்று காது கொடுப்பதுதான் வழக்கம். பதில் கேட்காத முருகையா அதுவரை வேறு வழி வைத்திருந்தார். ஹோனை நீளமாக அடிப்பார், வேனை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவருவார், மண்திட்டில் எதிர் வண்டியின் நிழலோ வெளிச்சமோ விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊர்ந்து திரும்புவார். வேன் மெதுவாகப் போகிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். இப்போது ஷுக்ரி அதற்கும் பட்டனை வைத்துக்கொண்டார். எதிரே ஹோன் கேட்டால் விடாமல் அழுத்துவார். பல்ப் எரிந்தால் முருகையா ஒதுங்கி நிற்பார். எரியாவிட்டால் போவார்.

அது நன்றாக வேலை செய்தது, அதுதான் பிசகாகப் போனது. வேன் முன்பைவிடச் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது. மற்ற வேனை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்கிறவர்கள் கூடினார்கள். தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வலித்த இரண்டு மூன்று கொண்டக்டர்கள், எங்களுக்கும் அப்படி ஒரு பல்ப் வேண்டும் என்று இப்றாஹீமிடம் போனார்கள். முதலாளிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். முருகையா மண்திட்டைப் பார்ப்பதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை. மேலே தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிற சிலரும் இருந்தார்கள். பனி ரோட்டை மூடியிருந்தது. பின் சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ஷுக்ரி ஒரு கடதாசிப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போய், அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேலேறி வந்த லொறி வளைவுக்கு முன்னால் இரண்டு தடவை ஹோன் அடித்தது. வேனில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. டிரைவருக்குக் கேட்டிருக்காது என்று யாருக்குத் தோன்றும்? ஷுக்ரி கையை நீட்டினார். கதவோரப் பட்டன் நாலு சீட்டுக்கு அப்பால், ஏணிப் பட்டன் வெளியே.

பல்ப் எரியவில்லை. முருகையா நடு ரோட்டில் வளைவை எடுத்தார். பனிக்குள்ளிருந்து லொறியின் முகம் முழுசாக வந்து நின்றது.

வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கானும் மண்திட்டும். அவர் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கவில்லை, மிதித்திருந்தால் நனைந்த ரோட்டில் வேன் சுழன்று பள்ளத்துக்குப் போயிருக்கும். கியரைக் கீழே தள்ளி, இடது முன் சில்லைத் தெரிந்தே கானுக்குள் இறக்கி, பக்கத் தகரத்தை மண்திட்டில் உரசவிட்டு நிறுத்தினார். லொறியும் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் குறுக்காக நுழைய இடம் இருந்தது. இராக்கம்மா என்ற கிழவியின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் அடித்துக் கிழிந்தது. பிள்ளைகள் அழுதார்கள். வேறு பெரிய அடி ஒருவருக்கும் இல்லை.

லொறி டிரைவர் ஏசுவதற்காகத்தான் இறங்கி வந்தார். சில்லு கானுக்குள் இறங்கியிருந்த விதத்தைப் பார்த்ததும் அவருடைய கோபம் பாதியில் நின்றது. வேறொருவன் ஓட்டியிருந்தால் எல்லாரும் கீழே ஓடையில் கிடப்பார்கள் என்றார். பயணிகளும் அதையே சொன்னார்கள். நெற்றியைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்த இராக்கம்மா முருகையாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் அவரைக் கொன்றது.

ஆட்களை வேறு வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு இருவரும் கான் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தன்னால்தான் வந்தது, பட்டனை விட்டுப் போயிருக்கக்கூடாது என்று ஷுக்ரி திரும்பத் திரும்பச் சொன்னார். முருகையா அவருடைய உதட்டையே பார்த்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“ஒன் மேல தப்பில்ல ஷுக்ரி. பல்பு எரியலன்னா எதுக்க ஒண்ணும் வரலன்னு நெனச்சுப்புட்டேன். அதுக்கு அது அர்த்தமே இல்ல. நீ பட்டனுக்கிட்ட இல்லன்னும் இருக்கலாம், வயரு அறுந்துருச்சுன்னும் இருக்கலாம். அன்னைக்கு ஏணியில நீ தொங்குனதும் இதே கதைதான். வெளக்கு அணைஞ்சா போகலாம்னு நானா எடுத்துக்கிட்டேன்.”

கானுக்குள் கிடந்த சில்லைப் பார்த்துக்கொண்டே, “பல்பு இல்லாதப்ப பயந்துக்கிட்டு ஓட்டுனேன். அதுவே நல்லா இருந்துச்சு” என்றார்.

இரும்புக் கடைக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் செய்தி போயிருந்தது. வாஹித் முதலாளி எழுந்து வந்து இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வேன் போனால் போகட்டும், உயிரைக் காப்பாற்றினாயே என்றார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். முருகையா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லொறியில் காது போனது, தேங்காய்ச் சாக்கு, இப்றாஹீமின் பல்ப், இன்று காலை. ஷுக்ரிக்குத் தெரியும் என்பதை மட்டும் எவ்வளவோ சுற்றி வளைத்து மறைக்கப் பார்த்தார், ஆனால் பட்டனைப் பற்றிச் சொன்னால் ஷுக்ரியைப் பற்றிச் சொல்லாமல் முடியவில்லை.

முதலாளி நம்பவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ ஒன்றைக் கேட்டார். முருகையா பேசாமல் நின்றார். முதலாளி திரும்பியபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

“இப்ப நான் ஒன்ட ஊட்டுக்காரிட சொகத்தக் கேட்டேன்” என்றார் மெதுவாக. “அதுவும் கேக்கல்ல.”

பிறகு கோபம் வந்தது. அத்தனை ஜனத்தை ஏற்றிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கடை அதிரச் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் பாதி முருகையாவுக்குக் கேட்டது. கேட்ட பாதியும் நியாயமாகத்தான் இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஷுக்ரி வந்து முதலாளி கூப்பிடுகிறார் என்றார். முதலாளி அவரை முகம் பார்த்துப் பேசவில்லை. கடைக்குப் பின்னால் முற்றத்தில் சீமெந்தும் தகரமும் இறக்குவதைப் பார்த்துக்கொள்ளட்டும், சாயங்காலம் வேன் வந்தால் அதைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று ஷுக்ரியிடம் சொன்னார். சம்பளம் குறைவுதான். இராக்கம்மாவின் நெற்றித் தையல் பிரிக்கிற வரைக்கும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தது தனலெட்சுமி.

வேன் ஓட்டப் பூனாகலைப் பக்கத்திலிருந்து மாடசாமி என்ற டிரைவர் வந்தார். பச்சைப் பல்பைக் கழற்றி எறியச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டிருந்தார். முருகையா இப்றாஹீமிடம் போய், கழற்ற வேண்டாம், தலைகீழாக மாற்றிக் கொடுங்கள் என்றார். கொண்டக்டர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால்தான் பல்ப் எரிய வேண்டும், எரிகிறவரைதான் வேனைக் கிளப்பலாம், எரியாவிட்டால் நிற்க வேண்டும். மாடசாமிக்கு இது ஒரு தொந்தரவாகத்தான் பட்டது. எனக்குக் காது கேட்கும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். முருகையாவுக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. ஷுக்ரியும் விடவில்லை, தான் ஏணியில் நிற்கும்போது அது வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் ஆள் ஏற்றி இறக்கும்போது மட்டும் பல்ப், வளைவுகளில் மாடசாமியின் காது என்று முடிவானது. முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அவர் முருகையாவோடு மறுபடி நேராகப் பேச நோன்புப் பெருநாள் வரவேண்டியிருந்தது. அன்றைக்கு ஒரு தட்டு வட்டிலாப்பத்தைத் தானே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு போய்விட்டது என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு பெட்டியும், காதுக்குள் செருக ஒரு வயரும் கொடுத்தார்கள். தகரம் இறக்குகிற முற்றத்தில் அதை மாட்டினால் மண்டைக்குள் இடி விழுவதுபோல் இருந்தது. ரோட்டோரம் போட்டுப் பார்த்தார். ஹோன் கேட்டது, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்றுதான் தெரியவில்லை. பேசாமல் கழற்றி வைத்துவிட்டார்.

ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு தனலெட்சுமிக்கு ஒரு சௌகரியம் வந்தது. அதுவரை பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது வாய்விட்டுச் சத்தமாகப் பேசினாள். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறை றஷீதா பதறிப்போய் வாசலுக்கு வந்து, என்ன சண்டை என்று கேட்டாள்.

“சண்டையில்லக்கா” என்றாள் தனலெட்சுமி. “ராவைக்கு ரொட்டி சுடவா, சோறு வடிக்கவான்னு கேட்டேன்.”

முருகையா உள்ளேயிருந்து, ரொட்டி என்றார்.